பிழைப்புக்கும் பெர்மிட்டா?

அரசாங்கத்தின் கை எதுவரை நீளலாம்?

சேலத்திலிருந்து நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர் 1961-ஆம் ஆண்டில் வேலை தேடி பம்பாய்க்கு வந்தார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய்க்கு வேலை கிடைத்தது. குடியிருக்க வீடு கிடைக்கவில்லை. மேற்கு விரைவுச் சாலை ஓரத்து நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கான்வாஸும் போட்டு மறைத்த ஓர் இடத்துக்கு, அந்த வட்டாரத்து தாதா அவரிடம் 2,500 ரூபாய் பறித்துக்கொண்டான். அதில் மனைவி, பெண் குழந்தைகளுடன் குடியிருந்தார்.

1981-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் தேதி, அப்போதைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ.ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு வெளியிட்டார். நடைபாதைவாசிகள் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டு அவரவர் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள் என்பது அந்த அறிவிப்பு. பத்தே நாளில், கொட்டும் மழைக்காலத்தில், சேலத்துக்காரரின் குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு அவரைச் சேலம் செல்லும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். மனைவியும் பெண்களும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அவர் மட்டும் மறுபடியும் பம்பாய்க்கு வந்து மறுபடியும் ஒரு நடைபாதைக் குடிசையில் புகுந்தார். ஊரில் வேலை இல்லை. வேறு என்ன செய்வார்? இந்த விவரங்கள் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கின்றன.

நடைபாதை நடப்பவர்களுக்குச் சொந்தம் என்பது உண்மைதான். ஆனால் "நடைபாதையை விட்டு எழுந்திரு" என்று சொல்வது வேறு. "இந்த ஊரை விட்டே போ" என்று பஸ்ஸில் ஏற்றுவது வேறு. முதலாவது நகர நிர்வாகம். இரண்டாவது, ஒரு பிரஜை தன் நாட்டுக்குள் எங்கே வாழலாம், எங்கே பிழைக்கலாம் என்பதைச் சர்க்காரே தீர்மானிப்பது. இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழ வேண்டும்? தமிழ்நாட்டை விட்டு வெளியே வந்து வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய்க் கேள்வி அல்ல.

சுதந்திரவாதிகள் சொல்வது என்ன?

அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு வரம்பு கட்ட வேண்டும், தனி மனிதனின் சுதந்திரமே முதன்மையானது என்று வாதாடுபவர்களை மேல்நாட்டில் 'லிபர்டேரியன்' என்கிறார்கள். நாம் அவர்களைச் சுதந்திரவாதிகள் என்று வைத்துக்கொள்வோம். இவர்களுக்கு முன்னோடியாக எண்ணப்படும் ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயர் 1859-ல் வெளியிட்ட நூலில், ஒருவனை அவன் விருப்பத்துக்கு மாறாக அரசாங்கம் தடுக்கலாம் என்றால், அது பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பதற்காக மட்டுமே என்று வாதிட்டார். ஆஸ்திரியாவில் பிறந்த ஹயெக் 1944-ல் இன்னொரு எச்சரிக்கை விடுத்தார். பொருளாதாரம் முழுவதையும் சர்க்கார் தன் கையில் எடுத்துக்கொண்டால், மனிதனின் மற்றச் சுதந்திரங்களும் ஒவ்வொன்றாகப் பறிபோகும் என்றார்.

நம் நாட்டில் இந்தக் குரலை உரக்க எழுப்பியவர் ஒரு தமிழர். ராஜாஜி 1959-ல் தமது எண்பதாவது வயதுக்குமேல் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். பம்பாய்க்காரரான மினு மசானியும் ஆந்திரத்தின் என்.ஜி. ரங்காவும் அவருடன் நின்றார்கள். தொழில் தொடங்க லைசென்ஸ், இறக்குமதிக்குப் பெர்மிட், மூலப்பொருளுக்குக் கோட்டா என்று நாடு நடந்த காலம் அது. 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டப்படி, பெரிய ஆலை எதைத் தொடங்கினாலும் டில்லியின் அனுமதி தேவை. இதைப் 'பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம்' என்று ராஜாஜி சாடினார். 1967 தேர்தலில் அவர் கட்சி லோக் சபாவில் 44 இடங்களைப் பிடித்து மிகப் பெரிய எதிர்க்கட்சியாயிற்று. 1972-ல் ராஜாஜி மறைந்தார். 1974-ல் கட்சி வேறொரு கட்சியுடன் கலந்து மறைந்தது.

பணக்காரர் கட்சி, ராஜா மகாராஜாக்களின் கட்சி என்று எதிரிகள் அதைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் கட்சி போனாலும் வாதம் போகவில்லை. 1991-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நரசிம்ம ராவ் அரசாங்கம் 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு லைசென்ஸ் முறையையே ரத்து செய்தது. ராஜாஜி சொன்னது, அவர் மறைந்து 19 ஆண்டு கழித்து சர்க்கார் கொள்கையாயிற்று.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1991-ல் விடுதலை பெற்றவர் ஆலை முதலாளி. ஒரு பெரிய ஆலையை எழுப்ப டில்லிக்குக் காவடி எடுக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. தள்ளுவண்டியில் இட்லி விற்பவருக்கு அந்த விடுதலை வரவில்லை. அவருடைய பெர்மிட் ராஜ்யம் டில்லியில் இல்லை, வார்டு ஆபீசில் இருந்தது. அது இன்னும் இருக்கிறது.

நாற்காலியின் குணம்

நிற்க. ராஜாஜியின் சொந்த வரலாறே இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாடம்.

1952-ல் சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சரானதும் அவர் உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கினார். யுத்த காலத்திலிருந்து நீடித்த கட்டுப்பாடு அது. பதுக்கல் பெருகும், விலை ஏறும் என்று பலர் பயமுறுத்தினார்கள். பயந்தபடி விபரீதம் நேரவில்லை. ஓரிரு ஆண்டுகளில் நாடு முழுவதும் கட்டுப்பாடு தளர்ந்தது.

அதே ராஜாஜிதான் 1937-ல் முதன்முறை பிரதமராக இருந்தபோது சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். தமிழ்நாடு கொந்தளித்தது; நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். 1940-ல்தான் அந்த உத்தரவு வாபஸ் ஆயிற்று. 1953-ல் அவர் கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டம் 'குலக்கல்வி' என்று கண்டிக்கப்பட்டது. தகப்பன் தொழிலை மகன் கற்பதற்குச் சர்க்காரே நேரம் ஒதுக்குவதா என்ற கேள்விக்கு அவரால் நாட்டைத் திருப்திப்படுத்தும் பதில் சொல்ல முடியவில்லை. 1954-ல் பதவி விலகினார். காமராஜர் வந்து அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

பெர்மிட் ராஜ்யத்தை எதிர்த்தவரே பதவியில் இருந்தபோது மற்றவர்களின் நாக்குக்கும் கோப்பைக்கும் குழந்தைகளின் பாடநேரத்துக்கும் உத்தரவு போட்டார். அவர் கெட்டவர் என்பதல்ல இதன் பொருள். நல்லது செய்கிறோம் என்ற நம்பிக்கை எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு உத்தரவு போடும் ஆசையும் வந்துவிடுகிறது. ஆகவே நல்ல மனிதரை நாற்காலியில் உட்கார வைத்தால் மட்டும் போதாது. அந்த நாற்காலியின் அதிகாரத்துக்கே வரம்பு வேண்டும்.

அரசியல் சட்டம் போட்ட வேலி

அந்த வரம்பை நமது அரசியல் சட்டம் போட்டிருக்கிறது. 19-ஆவது பிரிவு இந்தியப் பிரஜைக்குத் தரும் உரிமைகளில் மூன்று இங்கே முக்கியமானவை. நாடு முழுவதும் தடையின்றிச் சென்று வரலாம். எந்தப் பகுதியிலும் தங்கிக் குடியேறலாம். எந்தத் தொழிலையும் செய்யலாம். பொதுநலன் கருதி நியாயமான கட்டுப்பாடுகளைச் சட்டம் மூலம் விதிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. 'நியாயமான' என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் எல்லா வழக்கும் நடக்கிறது.

சேலத்துத் தொழிலாளியின் வழக்கிலும் அதுதான் நடந்தது. தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையில் ஐந்து நீதிபதிகள் 1985-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் தேதி தீர்ப்பளித்தார்கள். உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. இந்திய ஏழைக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்துக்களில் அது ஒன்று.

ஆனால் வழக்குப் போட்டவர்களுக்கு நடைபாதை கிடைக்கவில்லை. பொது வழியை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமை இல்லை, முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு அகற்றலாம் என்றது அதே தீர்ப்பு. மழைக்காலம் முடிந்து அக்டோபர் 31 வரை இடிக்கக் கூடாது என்றும், 1976-ல் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுக்கப்பட்டவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும் என்றும் கூறியது. அட்டை உள்ளவனுக்கு ஒரு நியாயம், இல்லாதவனுக்கு ஒரு நியாயம் என்ற கதையும் அங்கே நிலைபெற்றுவிட்டது.

பூசாரி கொடுக்காத வரம்

தெரு வியாபாரத்துக்கு வருவோம். தெருவில் பொருள் விற்றுப் பிழைப்பது 19-ஆவது பிரிவின்படி அடிப்படை உரிமையே என்று 1989-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. இந்த இடத்தில்தான் விற்பேன் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் விற்பதே குற்றம் என்று சொல்லவும் முடியாது. 2014-ல் பார்லிமெண்ட் தெரு வியாபாரிகள் சட்டத்தை நிறைவேற்றியது. நல்ல சட்டம். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அகற்றக் கூடாது. நகர வியாபாரக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். மக்கள் தொகையில் இரண்டரை சதவீதம் வரை தெரு வியாபாரிகளுக்கு இடம் தர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மும்பையின் ஜனத்தொகை சுமார் 1 கோடியே 24 லட்சம். அப்படியானால் 3 லட்சம் பேருக்கு இடம் தரலாம்.

நடந்தது என்ன? மும்பையில் 1978-க்குப் பிறகு புதிய தெரு வியாபார லைசென்ஸ் கொடுப்பதே நிறுத்தப்பட்டிருந்தது. 2014-ல் நடந்த கணக்கெடுப்பில் சுமார் 99 ஆயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். ஆவணங்களைச் சரிபார்த்தபோது தகுதியுள்ளவர்கள் என்று முதலில் தேறியவர்கள் 15 ஆயிரத்துச் சொச்சம். 2024-ல் வியாபாரக் குழுவுக்குத் தேர்தல் நடந்தபோது வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 32 ஆயிரம் பேர். பத்து வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு.

மற்றவர்களைத் தடுத்தது எது? முக்கியமான ஒன்று இருப்பிடச் சான்றிதழ், அதாவது டொமிசைல். பார்லிமெண்ட் இயற்றிய சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. மாநிலத் திட்டத்தில் அது சேர்ந்துகொண்டது. பதினைந்து வருஷம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு, நடைபாதையில் பாய் விரித்துப் பழம் விற்கும் ஒருவர் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? வாடகைச் சீட்டு கிடையாது. மின்சார பில் வேறொருவர் பெயரில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பார்லிமெண்ட் கொடுத்த வரம் மனுப் படிவத்தில் நின்றுவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. 2020-ல் மத்திய சர்க்கார் தெரு வியாபாரிகளுக்கென்றே கடன் திட்டம் தொடங்கியது. அப்போது முதல் தவணை 10,000 ரூபாயாக இருந்தது. வட்டிக்கடைக்காரனிடம் சிக்கியிருந்த பலருக்கு அது உதவியது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு கை கடன் கொடுக்கிறது, மற்றொரு கை தள்ளுவண்டியை லாரியில் ஏற்றுகிறது. இரண்டும் சர்க்காரின் கைகளே.

அனுமதி மறுக்கப்படுவதால் வியாபாரம் நின்றுவிடுகிறதா? இல்லை. மாமூல் முளைக்கிறது. சட்டப்படி கட்ட வேண்டிய கட்டணம் மாநகராட்சியின் கஜானாவுக்குப் போகாமல் தனி மனிதர்களின் பைக்குப் போகிறது. பெரு நாட்டில் ஹெர்னாண்டோ டி சோட்டோ என்ற பொருளாதார நிபுணரின் குழுவினர், தலைநகர் லிமாவில் ஒரு சிறு தையல் கூடத்தைச் சட்டப்படி பதிவு செய்து பார்த்தார்கள். 289 நாட்கள் ஆயின. ஏழைகள் சட்டத்தை மீறி வாழ்வதற்குக் காரணம் அவர்கள் குணமல்ல, சட்டத்துக்குள் நுழைய ஆகும் செலவுதான் என்பது அவருடைய முடிவு. மும்பைக்கும் அது பொருந்தும்.

இதை எழுதுபவன் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா. சர்க்கார் சம்பளம் வாங்குபவன். படிவத்தில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்ப்பது மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அரை நிமிட வேலை. அந்தப் பக்கம் நிற்பவனுக்கு அது ஒரு நாள் கூலி. இந்தக் கணக்கு எந்த பட்ஜெட்டிலும் வருவதில்லை. ரயில்வே நிலமும் ரயில் வண்டிகளும் 2014 சட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லோக்கல் வண்டியில் ஊக்கும் சீப்பும் விற்பவருக்கு அந்தச் சட்டத்தின் நிழல் கிடையாது.

வீடும் வரம்புத் தேதியும்

சேலத்துக்காரர் வேலை கிடைத்த பிறகும் ஏன் நடைபாதையில் படுத்தார்? நகரில் ஏழைக்கு வாடகை வீடு இல்லை. ஏன் இல்லை? இங்கே சுதந்திரவாதிகள் 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். 1940-ஆம் ஆண்டு வாடகையையே அளவுகோலாக வைத்த சட்டம் அது. யுத்த காலத்துத் தட்டுப்பாட்டில் குடியிருப்பவர்களைக் காப்பதற்காகப் பிறந்தது; காக்கவும் செய்தது. ஆனால் அரை நூற்றாண்டு அப்படியே நீடித்தது. வாடகை ஏறாத ஊரில் வாடகைக்கு விடச் 'சால்' கட்ட யார் வருவார்கள்? பழைய கட்டடங்கள் பழுது பார்ப்பாரின்றி உதிர்ந்தன. உள்ளே இருந்தவர் பாதுகாப்பாக இருந்தார். பிறகு ரயில் ஏறி வந்தவருக்குக் கதவு சாத்திக் கிடந்தது. நிலையான வாடகை பற்றிய அந்த விதிகள் இனியும் நியாயமானவை அல்ல என்று 1997-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு 1999-ல் புதிய சட்டம் வந்தது.

வீட்டுப் பஞ்சத்துக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்வது மிகை. நில விலை, கட்டட விதிகள், ஜனப்பெருக்கம் எல்லாம் சேர்ந்தவைதான். ஆனாலும், இருப்பவனைக் காக்கும் சட்டம் வருபவனைத் தண்டிக்கலாம் என்ற அந்த எச்சரிக்கை சரியானது.

தாராவியில் இப்போது எழுந்துள்ள பிரச்னையும் இதன் தொடர்ச்சியே. மறுசீரமைப்புத் திட்டப்படி, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்ததாக நிரூபிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. பிந்தி வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறு விதிகள். பெரும்பாலும் வேறு இடம். திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தோல் பதனிட்டும் முறுக்குச் சுட்டும் அந்தச் சதுப்பு நிலத்தை ஊராக்கிய குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களது உழைப்பின் அளவுகோல் ஒரு தேதியும் ஒரு காகிதமும்தானா? திட்டமே கூடாது என்பது நம் வாதமல்ல. சாக்கடை ஓரத்தில் குழந்தைகள் வளர வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை. குடியிருப்பவரின் சம்மதத்துக்கும், அங்கேயே நடக்கும் அவர் தொழிலுக்கும் உரிய மதிப்பு இருக்கிறதா என்பதே கேள்வி.

வேலை உள்ளூர்க்காரனுக்கா?

அடுத்து, நம்மை நேராகத் தாக்கும் பிரச்னை. 2019-ல் ஆந்திரம், தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கே என்று சட்டம் இயற்றியது. ஹரியானா, மாதச் சம்பளம் 30,000 ரூபாய் வரையுள்ள தனியார் வேலைகளில் 75 சதவீதத்தை ஒதுக்கும் சட்டத்தை 2022 ஜனவரியில் அமலாக்கியது. கர்நாடக மந்திரி சபை 2024 ஜூலையில் ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. நிர்வாக வேலைகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு என்றது அது. தொழில் துறையினர் எதிர்த்ததும் இரண்டே நாளில் கிடப்பில் போடப்பட்டது.

ஹரியானா சட்டத்தை 2023 நவம்பர் 17-ஆம் தேதி பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் செல்லாது என்று தள்ளியது. தனியார் முதலாளி யாரை வேலைக்கு வைக்கலாம் என்பதை இப்படிக் கட்டுப்படுத்த மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. ஹரியானா சுப்ரீம் கோர்ட்டுக்கு மேல்முறையீடு செய்தது. சர்க்கார் உத்தியோகத்திலேயே இருப்பிடத்தை நிபந்தனையாக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவு பார்லிமெண்டுக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நாம் இதைப் படித்துச் சந்தோஷப்படுகிறோம். ஆனால் நமது சொந்த வீட்டைப் பார்க்க வேண்டாமா? 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க., தமிழ்நாட்டுத் தொழில்களில் 75 சதவீத வேலைகளைத் தமிழர்க்கே ஒதுக்கச் சட்டம் கொண்டுவருவதாக வாக்களித்தது. திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் பீகார், ஒடிசாக்காரர்கள் உழைக்கிறார்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, பலர் அஞ்சி ஊருக்கு ரயில் ஏறினார்கள். 1966-க்குப் பிறகு பம்பாயில் 'தென்னாட்டார் வெளியேறுக' என்ற கூச்சலைக் கேட்டு நம் பெரியவர்கள் பட்ட பயத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நாம் பேசக் கூடாது. மும்பையில் நமக்கு வேண்டும் உரிமையைத் திருப்பூரில் பீகாரிக்கு மறுத்தால், இங்கே கேட்கும் வாய் நமக்கு இருக்காது.

உள்ளூர் இளைஞனின் ஏக்கம் பொய் என்று சொல்லவில்லை. தன் நிலத்தில் எழுந்த ஆலையில் தனக்கு வேலை இல்லையென்றால் அவனுக்கு வயிறு எரியாதா? அதற்கு மருந்து அவனுக்குப் பயிற்சியும், வெளியூர்க்காரனைக் குறைந்த கூலிக்கு வைத்து இவனை ஓரங்கட்டும் கான்டிராக்டரைத் தடுக்கும் கூலிச் சட்டமும்தான். பிறந்த ஊரைப் பார்த்து வாசலில் நிறுத்துவது மருந்தாகாது.

சுதந்திரவாதம் தவறும் இடம்

இவ்வளவு சொன்னதால் சர்க்காரே வேண்டாம் என்ற முடிவுக்கு வரலாமா? கூடாது. சுதந்திரவாதிகளில் தீவிரமானவர்கள் ரேஷன், ரயில்வே, குறைந்தபட்சக் கூலி எல்லாமே சந்தையின் கையில் விடப்பட வேண்டும் என்பார்கள். பசித்தவனுக்குச் சந்தையில் குரல் இல்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 'எனக்கு இஷ்டமிருந்தால் வேலை செய்கிறேன், இல்லாவிட்டால் போகிறேன்' என்று முதலாளியிடம் சொல்ல, வீட்டில் நாலு நாளைக்காவது அரிசி இருக்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு இதற்குச் சாட்சி. மார்ச் 24-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நாடு அடைப்பு. நோய் பிறருக்குப் பரவாமல் தடுப்பது மில்லின் கொள்கைப்படியே நியாயமானதுதான். ஆனால் நாலு மணி நேர அவகாசத்தில் நகரங்களில் அகப்பட்ட கூலித் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். பிறகு மே 1 முதல் ஷ்ராமிக் ரயில்கள் விடப்பட்டன. 4,600-க்கு மேற்பட்ட வண்டிகள் சுமார் 63 லட்சம் பேரைக் கொண்டு சேர்த்தன. அதில் ஏறுவதற்கும் போலீஸ் ஸ்டேஷனில் படிவம், டாக்டர் சான்றிதழ், சொந்த மாநிலத்தின் சம்மதம் என்று வரிசைகள். அரசியல் சட்டம் கொடுத்த 'தடையின்றிச் செல்லும் உரிமை' ஒரு பாஸாக மாறியதை அன்று பார்த்தோம். ரயிலை ஓட்டியதும் அரசாங்கமே, அதற்கு முன் வழியை மறித்ததும் அரசாங்கமே. இரண்டையும் ஒன்றாக வெறுப்பதும் தவறு, ஒன்றாக வணங்குவதும் தவறு.

சர்க்கார் சுதந்திரத்தைப் பெருக்கவும் முடியும் என்பதற்கு ரேஷன் கார்டே நல்ல உதாரணம். முன்பு விழுப்புரத்துக் கார்டுக்கு மும்பையில் ஒரு மணி கோதுமை கிடைக்காது. 2019-ல் சில மாநிலங்களில் தொடங்கி 2022-க்குள் நாடு முழுவதும் 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' திட்டம் வந்தது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் கார்டுதாரர் எந்த மாநிலக் கடையிலும் தம் பங்கைப் பெறலாம். கைரேகை பதியாமல் திரும்புகிறவர்களின் கஷ்டம் இருக்கிறது என்றாலும், திசை சரியான திசை. உரிமை ஊரோடு ஒட்டிக்கொண்டிருக்காமல் ஆளோடு சேர்ந்து பயணம் செய்கிறது.

எப்படி அளப்பது?

ஆகவே ஒரு சட்டமோ திட்டமோ வரும்போது, இது எந்தக் கட்சியுடையது என்று பார்ப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்கலாம்.

முதலாவது, நாம் செய்யும் காரியத்தால் பிறருக்கு என்ன தீங்கு என்று சர்க்கார் சொல்கிறதா? நடைபாதையை முழுதும் அடைத்தால் தீங்கு. ஓரத்தில் நாலடி இடத்தில் பழம் விற்றால் என்ன தீங்கு?

இரண்டாவது, அனுமதி தேவை என்றால், தகுதியுள்ள ஏழை அதை ஒரு வார காலத்தில், லஞ்சமின்றி, கூலியை இழக்காமல் பெற முடியுமா? முடியாதென்றால் அது ஒழுங்குமுறை அல்ல. மாமூலுக்குப் போட்ட பாதை.

மூன்றாவது, அந்தச் சட்டம் மனிதனின் நடத்தையைப் பார்க்கிறதா, அவன் பிறந்த ஊரையும் வந்த தேதியையும் பார்க்கிறதா? பிந்தியதைப் பார்த்தால், இன்று நம்மைத் தடுக்காவிட்டாலும் நாளை தடுக்கும்.

ராஜாஜியும் மசானியும் ஆலைகளைப் பற்றிப் பேசினார்கள். அவர்கள் வாதத்தின் மிச்சப் பாதி, தள்ளுவண்டியையும் குடிசையையும் பற்றியது, இன்னும் பேசப்படாமல் கிடக்கிறது. அதைப் பேச வேண்டியவர்கள் தொழிலதிபர்கள் அல்ல. தெரு வியாபாரக் குழுவில் தொழிலாளிகளுக்குச் சட்டம் கொடுத்த இடம் இருக்கிறது. தாராவியில் ஆட்சேபம் சொல்ல உரிமை இருக்கிறது. தகவல் அறியும் சட்டத்தின்கீழ் பத்து ரூபாயில் கேள்வி கேட்கலாம். நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் செலவிடும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கும் செலவிட்டால், மனு எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தால், அதுவே பெரிய தொண்டு. உரிமை சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அதை வார்டு ஆபீஸ்வரை கொண்டு செல்ல வேண்டியது நம் வேலை.